எவரிஸ்டோ சாஃப்ட்வேர் பார்த்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தபோது நான் அங்கே இல்லை. பாதி லோர்னா சொல்லிக் கேட்டது. மீதி எவரிஸ்டோ தானே ஊரெல்லாம் புலம்பியது. லோர்னா எங்கள் எழுத்துக் குழுவை நடத்துகிறவர். கொஞ்சம் கூட்டிச் சொல்லக்கூடியவர். கூட்டியது போல் தெரிந்ததை எல்லாம் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஹாலிவுட்டை ஒட்டிய பர்பாங்கில் முப்பது வருஷம் படப்பிடிப்பு லாரி ஓட்டியவர் எவரிஸ்டோ. ஓய்வு பெற்ற மறுவாரம், காலையில் முட்டையைத் தின்றுகொண்டே மனைவியிடம் அறிவித்தார்.

"செலா, நான் திரைக்கதை எழுதப்போறேன்."

"குப்பைத்தொட்டிய வெளிய வச்சியா?"

"முப்பது வருஷம் அடுத்தவன் கதைக்கு வெளக்கு சொமந்தேன். இனிமே என் கதை."

"உன் கதையில குப்பைத்தொட்டி வருதா கெழவா? வரலேன்னா இப்பவே போயி வச்சிட்டு வா."

குப்பைத்தொட்டி வெளியே போனது. கதை வரவில்லை. ஏனென்றால் கதைக்கு முன்னால் சாஃப்ட்வேர் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். திரைக்கதையில் ஆள் பெயர் நடுவில் வரும், வசனம் அதற்குக் கீழே வரும், ஒரு பக்கம் என்பது திரையில் ஒரு நிமிஷம். இதையெல்லாம் சாஃப்ட்வேர் தானே பார்த்துக்கொள்ளும். கடையில் டஜன் கணக்கில் இருந்தன. எல்லாவற்றையும் சில நாள் இலவசமாகப் பார்க்கலாம்.

எவரிஸ்டோ பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை ஆகிவிட்டார். ஒன்றில் எழுத்து குட்டை. ஒன்று நிறம் சரியில்லை, "எழவு வீடு மாதிரி கறுப்பா இருக்கு." ஒன்று கதாபாத்திரங்களுக்குத் தானே பெயர் வைத்தது. "எம் பிள்ளைக்குப் பேரு வைக்க இவன் யாரு" என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிள்ளை என்ற சொல் அந்த வீட்டில் வருவதில்லை. ரமீரோ அவர்களுக்கு ஒரே மகன். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில், சூப்பில் பிழிய எலுமிச்சம்பழம் இல்லையென்று செலா அவனைக் கடைக்கு அனுப்பினார். பைக்கில் போனான். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எவரிஸ்டோ அவன் பெயரைச் சொன்னதே இல்லை. மனைவியைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. கடைக்கு அனுப்பிய தன்னைத்தான் அவர் மனதுக்குள் குற்றவாளியாக நிறுத்தியிருக்கிறார் என்று செலா நம்பினார். அதை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டாலாவது தேவலை என்று இருந்தது.

அவரோ கூரைத் தண்ணீர்க்குழாயைப் பற்றிப் பேசினார். பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசினார். ஒரு காலத்தில் முகம் பார்க்கும்படி கழுவித் துடைத்த தன் பிக்கப் வண்டியைக்கூடத் தொடுவதில்லை. அதன் கண்ணாடித் தூசியில் தெருப் பிள்ளைகள் ஒரு சிரிக்கிற முகத்தை வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். அது அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

எவரிஸ்டோவுக்கு இரண்டு விரலால்தான் தட்டச்சு. செலா பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருந்தவர். பத்து விரலும் ஓடும். எனவே சோதனை ஓட்டம் அவர் பொறுப்பு.

"சும்மா எதையாவது அடி. என்ன அடிக்கிறேங்கிறது முக்கியமில்ல. பக்கத்துல எப்படி உக்காருதுன்னுதான் பாக்கணும்."

"எத வேணும்னாலுமா?"

"எத வேணும்னாலும். நான் என்ன படிக்கவா போறேன்?"

செலா அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு அடிக்க ஆரம்பித்தார். சமையலறை. பகல். வெளியே மழை. ஒரு பெண் பேசுகிறாள். கடைசியில், நடுவில், 'ஆண்' என்று ஒரு பெயர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

எவரிஸ்டோ அளவுகோலைத் திரையில் வைத்து ஓரத்தை அளந்தார்.

"எடது பக்கம் பரவால்ல. ஆனா இங்க பாரு, ஆண்னு பேரு நிக்குது. வசனத்தக் காணோம்."

"இன்னும் வரல."

"எங்க போச்சு?"

"அதுக்குத்தான் நானும் காத்துக்கிட்டிருக்கேன்."

"முழுங்கிடுச்சு. இது ஆகாது. அடுத்தது."

அடுத்ததில் ஆஸ்பத்திரி நடை. அதற்கடுத்ததில் ஒரு பூட்டிய அறை, வெளியே நின்று கதவோடு பேசுகிற பெண். எல்லாமே 'ஆண்' என்ற பெயரில் வந்து, கீழே காலியாக நின்றன. எவரிஸ்டோ பொறுமை இழந்து ஒரு கம்பெனிக்குப் புகார் எழுதினார்: உங்கள் சாஃப்ட்வேர் ஆண்கள் பேசுவதை விழுங்கிவிடுகிறது. பதில் மரியாதையாக வந்தது.

"அந்த எடத்துல யாராச்சும் ஏதாச்சும் அடிச்சீங்களான்னு கேக்குறான் செலா. என்னையே."

"நியாயமாத்தான கேக்குறான்."

இதற்கு நடுவே, ஓய்வு பெற்றதும் அவர் சேர்ந்திருந்த எழுத்துக் குழுவில் அவர் முறை வந்தது. ஞாயிறு பகலில், முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடுவோம். அந்த வீட்டுக்காரர் எழுதியதை மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷமாக வாய்விட்டுப் படிப்பார்கள். ஒரே ஒரு சட்டம். எழுதினவர் வாயைத் திறக்கக்கூடாது. எவரிஸ்டோ பல மாதமாக, "சாஃப்ட்வேர் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று தள்ளிப்போட்டிருந்தார். இந்த முறை லோர்னா விடவில்லை.

"எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு செலா."

"வரச் சொல்லு. பக்கமெல்லாம் இருக்கு."

"எந்தப் பக்கம்?"

"நீ அளந்து அளந்து வேணாம்னியே, அதெல்லாம். அச்சடிச்சு வச்சிட்டேன்."

எவரிஸ்டோவின் மூளை வேலை செய்தது. இலவசம் என்பதால் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் ஒவ்வொரு கம்பெனியின் பெயர் மங்கலாக விழுந்திருக்கும். அதைக் காட்டி எது நல்லது, எது கெட்டது என்று ஒரு மணிநேரம் பேசிவிடலாம். கதையைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. ஒரு குழுவையே ஏமாற்றப்போகிற சந்தோஷத்தில் அளவுகோலைத் துடைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். செலா காபியும் இனிப்பு ரொட்டியும் வைத்தார். பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தார். "கடைசிப் பக்கம் மட்டும் ஒரே பிரதிதான், மை தீந்துபோச்சு" என்று அதைக் கணவர் கையில் கவிழ்த்துக் கொடுத்தார். எவரிஸ்டோ அளவுகோலோடு எழுந்தார்.

"உக்காருங்க எவரிஸ்டோ," என்றார் லோர்னா. "எழுதினவர் பேசக்கூடாது."

"அவரு ஒரு எழுத்துகூட எழுதல," என்றார் செலா. "அத்தனையும் நான். அதனால நான் பேசக்கூடாது. ஆண் வேஷத்த அவரு படிக்கட்டும்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

எவரிஸ்டோ உட்கார்ந்தார்.

லோர்னா பெண்ணாகப் படித்தார். சமையலறை முடிந்து ஆண் முறை வந்தது. "இங்க ஒண்ணும் இல்ல. சாஃப்ட்வேர் கோளாறு," என்றார் எவரிஸ்டோ. எல்லோரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி நடையிலும் அதையே சொன்னார். ஒருவர் மட்டும் சிரித்தார். பூட்டிய அறை முடிந்தபோது எவரிஸ்டோ அளவுகோலைக் கீழே வைத்துவிட்டார். அத்தனை நாளும் அளவுகோல் வைத்து அளந்ததை அன்றைக்குத்தான் காதால் கேட்கிறார்.

லோர்னாவின் கடைசி வசனம் இது: "நான்தான் அவன அனுப்பினேன். நீ அத மனசுலயே வச்சிருக்க. ஒரே ஒரு தடவ வாய்விட்டுத் திட்டிடேன்."

எவரிஸ்டோ கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டு, பள்ளிப் பையன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"நீ கடைக்குத்தான் அனுப்பின. பைக்குல அனுப்பினது நான். வண்டிச் சாவிய எடுக்கட்டுமாப்பான்னு கேட்டான். இப்பத்தான்டா கழுவி வச்சிருக்கேன், மழையில சேறாயிடும், பைக்க எடுத்துக்கிட்டுப் போன்னேன். சரிப்பான்னான். ரமீரோ. சரிப்பான்னுட்டுப் போனான்."

பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

படித்து முடித்ததும் மற்றவர்கள் நன்றி சொன்னால்தான் எழுதினவர் பேசலாம். அன்று யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை. செலா, பாதி தின்ற ரொட்டியை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல, கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் போன பிறகு எவரிஸ்டோ தொண்டையைச் செருமினார்.

"கடைசியா பாத்த சாஃப்ட்வேர் தேவலாம். அதையே வாங்கிடுவோமா?"

"அப்புறம் பாக்கலாம். வாளியில தண்ணி புடிச்சு வச்சிருக்கேன். வா கெழவா, வண்டியக் கழுவுவோம்."

இவ்வளவுதான் நான் கேட்டது. லோர்னா மட்டும், "கழுவின வண்டின்னு ஒண்ணு வச்சாளே செலா, பாரு. அந்த மாதிரி வசனம் எனக்கெல்லாம் எழுத வராது," என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் குழுவில் சேர்ந்தபோது எனக்கும் எந்த சாஃப்ட்வேர் வாங்குவது என்ற பயம் இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிவரை போன முதல் ஆள் நான். தவறானதை வாங்கிவிட்டால் கேட்க ஆள் கிடையாது. செலாவிடம் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று அந்தப் பக்கங்களைக் கொடுத்தார். கடைசிப் பக்கம் சட்டைப்பை மடிப்போடு அடியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். நடுவில் 'ஆண்' என்ற பெயர், நல்ல கறுப்பில் பளிச்சென்று விழுந்திருந்தது. மை தீர்ந்திருக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு வரியும் இல்லை.