பம்புக்கு முன்னால் ஒன்பது ஜெபம்

லுபுண்டா,
ஞாயிறு மாலை

என் மதிப்புக்குரிய அக்கா யூஃப்ரேசியா அவர்களுக்கு,

தம்பி சில்வெஸ்டர் கலூபா பணிவோடு எழுதிக்கொள்வது. தேவகிருபையால் இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீங்களும், அத்தானும், பேரப்பிள்ளைகளும், கால் உடைந்த உங்கள் ஆடும் சுகமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். ‘பிரார்த்திக்கிறேன்’ என்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். உங்கள் தம்பி கிறிஸ்துவை விட்டுவிட்டான், சாத்தானோடு சேர்ந்துவிட்டான், கட்டிலுக்கடியில் பாம்பு வளர்க்கிறான் என்றெல்லாம் நீங்கள் இருக்கும் நிடோலாவரை செய்தி வந்துவிட்டதாமே. கட்டிலுக்கடியில் இருப்பது வெங்காயம்.

நடந்தது இதுதான். என் மனைவி பியாட்ரிஸ் கண்ணை மூடிய பிறகு என் வீட்டில் பேசுவது ரேடியோ ஒன்றுதான் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வாசலுக்கு எதிரே ஊர்ப் பம்பு இருந்தவரை எனக்குக் குறையில்லை. விடிந்ததும் பெண்கள் வாளிகளோடு வந்துவிடுவார்கள். யார் மருமகள் யாரைத் திட்டினாள், எந்தப் போதகருக்குப் புது பைக் வந்தது, எல்லாம் நான் சன்னலோரம் சவரம் செய்துகொண்டே கேட்பேன். போகிற போக்கில் ஒருத்தி, “என்னண்ணே, இன்னைக்கும் தனியாத்தான் கஞ்சியா?” என்று ஒரு குத்துக் குத்திவிட்டுப் போவாள். அது போதும் எனக்கு. மழைக்கு முன் பம்பு உடைந்தது. அவர்கள் ஆற்றுக்குப் போகத் தொடங்கினார்கள். என் வாசல் சாவு வீட்டைவிட மோசமாகிவிட்டது. சாவு வீட்டுக்காவது ஆள் வரும்.

பம்பைப் பற்றிப் பேசக் கவுன்சிலுக்குப் போனேன், அக்கா, போய்ப் பார்த்தால் அங்கே ஜெபம் நடக்கிறது. நம் நாடு கிறிஸ்தவ நாடு என்று அரசியல் சட்டத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறதே, அதனால் கூட்டத்தை ஜெபத்தோடுதான் தொடங்க வேண்டுமாம். ஒரு சபை ஜெபித்தால் மற்ற சபைக்குக் கோபம் வருகிறது, ஆகவே ஊரிலுள்ள ஒன்பது சபையும் வரிசையாக ஜெபிக்கின்றன. நம் யுனைடெட் சபைப் போதகர் சுருக்கமானவர், ஜனாதிபதியில் ஆரம்பித்துத் தெருநாயோடு நிறுத்திக்கொள்வார். மற்றவர்கள் அண்டை நாடுகளுக்கும் போய்த் திரும்புகிறார்கள். ஒன்பதாவது ஆமென் சொல்லும்போது சாப்பாட்டு நேரம். பம்பு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்படும். அடுத்த கூட்டத்திலும் அதே கதை, அதற்கடுத்ததிலும் அதே. கடைசியில் எழுந்து நின்று கேட்டே விட்டேன்: “பம்பு உடைஞ்சது ஆண்டவருக்குத் தெரியும் தலைவரே. கவுன்சிலுக்குத்தான் தெரியலை. கொஞ்சம் அதைப் பேசுவோமா?”

அங்கேதான் தப்புச் செய்தேன். நாம் பெம்பா இனம், கவுன்சில் தலைவர் ஜெரே ங்கோனி இனம். இரண்டு இனத்துக்கும் நடுவே உள்ள கேலி முறை உங்களுக்குத் தெரியாததா? அவன் வீட்டுச் சாவிலே போய்ப் பிணத்தைக் கேலி செய்தாலும் அவன் கோபிக்கக் கூடாது, நானும் அப்படியே. ஜெரே மேசையைத் தட்டிச் சிரித்தான். “கேட்டீங்களா, குரங்கு தின்னிக்குப் பேச்சு வந்துடுச்சு!”

“எலி தின்னி, நான் நிஜமாத்தாண்டா சொல்றேன்!”

கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் நிஜம் நிஜம் என்று கத்தக் கத்தச் சிரிப்பு ஏறியது. ங்கோனித் தலைவனிடம் பெம்பாக்காரன் உண்மை பேசுவதானால் எழுத்தில்தான் பேச வேண்டும் என்று வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். ஜெபத்தைச் சபையில் வைத்துக்கொள்வோம், பம்பைக் கவுன்சிலில் வைத்துக்கொள்வோம், இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தால் நாற்காலிதான் உடையும் என்று எழுதி, முன்னாள் தலைமை எழுத்தர், தபால் நிலையம் என்று கையெழுத்தும் போட்டேன். அதற்குத்தான் எனக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தார்கள்.

அக்கா, அதிலிருந்து வீடு வீடாக இல்லை. முதலில் அக்கினி மழை சபையின் இளம் போதகர் ட்ரையம்ஃப் ஒலிபெருக்கியோடு வந்து, “வெளியே வா! இந்த வீட்டை விட்டுப் போ!” என்று முழங்கினார்.

“தம்பி, வீடு என் பேர்லதான் இருக்கு. நான் எங்கப்பா போறது?”

“உங்களைச் சொல்லலைங்க ஐயா. உள்ள இருக்கறவனைச் சொல்றேன்.”

“உள்ள நான் ஒருத்தன்தாம்ப்பா இருக்கேன். வேணும்னா வந்து பாரு.”

வந்தார். உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, பேயை ஓட்ட மறந்து, மறுநாளும் வந்தார். அட்வென்டிஸ்டு மூப்பர் டீயைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு முழுவதையும் தொட்டார். நம் சபைப் பெண்கள் சிவப்பு ரவிக்கையோடு திரண்டு வந்து பாடியதில் ஓட்டிலிருந்து பல்லிகள் விழுந்தன. கத்தோலிக்க மாதர் சங்கத்துப் பானா கசோண்டே ஜெபமாலையோடு வந்தவள், கதவுக்குப் பின்னால் பியாட்ரிஸ் இடுப்பில் சுற்றும் சித்தெங்கே துணி தொங்குவதைப் பார்த்துவிட்டாள். “இதை இன்னும் எடுத்து வைக்கலையா அண்ணே?” என்றாள். “இருக்கட்டும்மா,” என்றேன். அவள் ஜெபமாலையைச் சுருட்டி மேசையில் வைத்தாள். பிறகு எழுந்து போய் வேர்க்கடலை போட்ட கீரையும் ன்ஷிமாக் களியும் கிண்டி வைத்தாள். முதல் கவளத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். கீரையில் மிளகாயே இல்லை.

ஆனால் கொள்கையை விடவில்லை அக்கா! வந்தவர்களையெல்லாம் தனித்தனியாக ஒன்று கேட்டேன்: “சரி, சபைதான் கவுன்சிலை நடத்தணும். எந்தச் சபை?” பானா கசோண்டே நெஞ்சில் கை வைத்தாள். “ஐயையோ, சனிக்கிழமையை ஓய்வு நாள்னு சொல்ற அட்வென்டிஸ்டுக்காரங்க கையில போனா சனிக்கிழமைச் சந்தையையே மூடிடுவாங்களே!” மூப்பர் என் காதோரம் வந்து, “அந்த ட்ரையம்ஃப் பையன் கையில மைக்கையே கொடுக்கக் கூடாது, ஊரையா கொடுப்பாங்க?” என்றார். ட்ரையம்ஃப், “கத்தோலிக்கக்காரங்க வந்தா எங்களுக்குக் கூட்டம் போட இடம் விடுவாங்களா ஐயா?” என்றார். ஒருவருக்கொருவர் பயந்து ஒன்பது சபையும் என் மனுவில் கையெழுத்துப் போட்டன. ஜெரேயால் இம்முறை சிரிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் ஒரு கணம் எழுந்து மௌனமாக நின்றார்கள், உடனே பம்பை எடுத்துக்கொண்டார்கள், தீர்மானமும் நிறைவேறியது. எனக்குப் பேய் இல்லை என்றும் ஒன்பது சபையும் ஒருமனதாக ஒப்புக்கொண்டன. ஆகவே உங்கள் தம்பி ஜெயித்துவிட்டான், மிகுந்த மகிழ்ச்சியோடு இருக்கிறான், அவனைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் முத்தத்தையும், ஆட்டுக்கு என் ஆறுதலையும் சொல்லுங்கள். உங்கள் வாசலில் ஆள் நடமாட்டம் குறையாமல் ஆண்டவர் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
சில்வெஸ்டர்

பி.கு.: பழைய பம்பைச் சரிசெய்ய முடியாதாம். புதியதைச் சந்தைக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். அங்கிருந்து எனக்கு எதுவும் கேட்காது. குணமாகிவிட்டது என்று சொன்னதிலிருந்து ஒரு சபையும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, நேற்று நானே டீ போட்டு நானே இரண்டு கோப்பையில் ஊற்றினேன். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, அக்கா, நீங்கள் பானா கசோண்டேவுக்கு ஒரு போன் போடுங்கள். சில்வெஸ்டருக்குப் பிடித்த பேய் முன்னைவிட முற்றிவிட்டது என்று சொல்லி, உடனே ஆளனுப்பி ஜெபிக்கச் சொல்லுங்கள்.