கோசு தின்ற புழுவும் கொழுத்தது

ஆமணக்கு தின்ற புழுவும் கோசு தின்ற புழுவும் ஒரே எடை இருந்தன. சந்தானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். அதே எடைதான்.

ஆமணக்கு இலை போட்டால் வெட்டுப்புழு மளமளவென்று கொழுக்க வேண்டும். கோசு இலை போட்டால் இளைத்துக் கிடக்க வேண்டும். ஊர் உலகத்தில் அப்படித்தான். பெங்களூரில் இந்த ஒரு ஆய்வுக்கூடத்தில் மட்டும் புழுக்கள் சமத்துவம் கொண்டாடின. சந்தானத்துக்கு இது ஆறாவது வருடம். மார்ச்சுக்குள் ஆய்வை முடிக்காவிட்டால் பட்டமும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது.

"உங்களுக்கு முன்னாடி அந்தப் புழு டாக்டர் ஆயிடும் போலிருக்கே" என்றாள் மனைவி ரமா.

"தராசு கோளாறுய்யா" என்றார் பேராசிரியர் சீனிவாசராகவன். தராசை மாற்றினான். ஒரே எடை.

"அப்போ எலை வாடியிருக்கும்."

விடிவதற்குள் சிவாஜிநகர் மார்க்கெட்டில் இடிபட்டுக் கோசு வாங்கினான். ஹெப்பகோடி வேலியோரம் ஆமணக்குப் பறித்துப் பஸ்ஸில் நின்றபடியே கொண்டுவந்தான். முன்பாவது மயிரிழை வித்தியாசம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

"எவனோ உள்ள பூந்து கை வெக்கறான். ரூமைப் பூட்டுய்யா!"

சாவியை, கூடம் பெருக்கும் பிரிஜெட்டிடம் கொடுத்தான்.

"யாரும் புழுவைத் தொடக் கூடாதும்மா. நான் போனப்புறம் நீங்கதான் பாத்துக்கணும்."

"சொல்லணுமா சார்? புள்ளைங்க மாதிரி பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு இரண்டு தட்டுப் புழுக்களும் இரட்டைப் பிள்ளைகளாக வளர்ந்தன. சீனிவாசராகவன் மேசையைத் தட்டினார்.

"அட, இது தப்பில்லய்யா, கண்டுபிடிப்பு! பெங்களூர்ப் புழுவுக்கு எந்த எலையும் ஒண்ணுதான்னு எழுது!"

வாதாட அலுப்பாக இருந்தது. எழுதிவிட்டான்.

வாய்மொழித் தேர்வுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த தேர்வாளர், தட்டுகளை நேரில் பார்த்து அசந்துபோனார்.

"கோசுல இத்தனை கொழுகொழுன்னு நான் பார்த்ததே இல்லீங்க. யாருங்க பார்த்துக்கறது?"

பேராசிரியர் பெருமையோடு பிரிஜெட்டை முன்னால் அழைத்தார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் சார். மொதல்ல கோசு தின்ற பாவங்க மட்டும் எளச்சுக் கெடந்துச்சுங்க. இன்னாடா இது ஓரவஞ்சனைன்னு, இந்த சார் கெளம்புனதும் தெனம் ரெண்டு தட்டு எலையையும் மாத்திப் போட்ருவேன். காலைல சார் வர்றதுக்குள்ள மிச்சம் மீதியெல்லாம் பெருக்கித் தள்ளிருவேன். புழுவை மட்டும் தொட்டதே இல்ல சார், ஆண்டவர் சத்தியமா!"