சட்டை ஆடினால்தான் சத்தமாம்

அநியாயம் நடந்தது நூரிஸுக்கு. செய்தவன் அவள் கட்டிக்கொண்ட வில்பிரிதோ. இடம், பாரன்கியா என்ற துறைமுக நகரத்தில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நேரம், ஞாயிற்றுக்கிழமை மதியம். தேங்காய்ப்பால் சோறு பாதி தீர்ந்து, பொரித்த மீன் முள்ளாகிக்கொண்டிருந்த சமயம். சாட்சிகள் இரண்டு பேர்: வில்பிரிதோவின் உயிர் நண்பன் தாகோபெர்த்தோ, எதிர்வீட்டு கார்மென்சா. அவர்கள் முன்னால், வாயில் முள்ளை மென்றபடி அவன் சொன்னான்:

"நூரிஸுக்கு என்ன தெரியும்? அவளுக்குக் காதே கிடையாது."

தாகோபெர்த்தோ சிரித்தான். கார்மென்சாவும் சிரித்தாள். சிரித்ததைத்தான் நூரிஸால் தாங்க முடியவில்லை.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தால்தான் இந்த வாக்கியத்தின் துணிச்சல் முழுதாக விளங்கும். பதினேழு வருஷமாக ஒரு கிளினிக்கில் அவள் செய்வது காது சோதனை. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், வெல்டிங் அடிக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், யாரானாலும் சரி. கண்ணாடி பதித்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று கோடு போட்டுக் கையில் கொடுப்பவள் அவள். ஊரில் பாதிப் பேருடைய காதின் லட்சணம் அவளுக்கு அத்துப்படி. அவளுக்குத்தான் காது கிடையாதாம். சொல்கிறவன் யார்? ஐஸ் ஆலையில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று இருபத்திரண்டு வருஷமாகப் பாளம் அறுக்கிறவன்.

சண்டை ஹோம் தியேட்டரில் ஆரம்பித்தது. போன மாதம் வந்த சாமான். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் உறுமுவதற்கென்று ஒரு பெட்டி, எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு ரிசீவர். மூன்றே நாளில் வில்பிரிதோ தீர்ப்பு எழுதிவிட்டான்: சக்தி போதாது. தனியாக ஒரு பவர் ஆம்பிளிஃபயர் வேண்டும். ஏன் வேண்டும் என்று கேட்டதற்கு அவன் தந்த விஞ்ஞான விளக்கம் இரண்டே சொல்.

"சட்டை ஆடலை."

அந்த ஊரில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு இது போதும். அவர்களுக்குச் சத்தம் என்றால் பிக்கோ. ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. முகப்பில் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் ஒரு புலியோ ராட்சசனோ. தெருவை மறித்து நிறுத்திப் பாட்டுப் போட்டால் கூரைத் தகரம் கூடவே பாடும். நல்ல பிக்கோவா என்று பார்க்க, எதிரே போய் நிற்க வேண்டும். சட்டை நெஞ்சோடு படபடவென்று அடித்துக்கொண்டால் நல்லது. அடிக்காவிட்டால் மட்டம். வில்பிரிதோ பதின்மூன்று வயதிலிருந்து அப்படி நின்றவன். தாகோபெர்த்தோவோ 'பெலிக்கான்' என்ற பிக்கோவுக்குச் சொந்தக்காரன். வில்பிரிதோவின் மகளுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நூரிஸுக்கும் அவன் கொம்பாத்ரே, அவனுக்கு அவள் 'கொமாத்ரே'. பெலிக்கானுக்குள் சும்மா கிடந்த ஓர் ஆம்பிளிஃபயரை அடுத்த ஞாயிறு கொண்டுவந்து மாட்டுவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். மாட்டும் இடத்தையும் இருவரும் அளந்துவிட்டார்கள். ஜன்னலோரம். அங்கேதான் நூரிஸின் தையல் மெஷின் நிற்கிறது. அந்த வீட்டில் காற்று வரும் ஒரே இடம். சாயங்காலம் அவள் உட்காரும் ஒரே இடமும்.

கேட்டார்களா? இல்லை. அளக்கும் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க மட்டும் கூப்பிட்டார்கள்.

சாப்பாட்டு மேசையில் நூரிஸ் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள்.

"ரிசீவருக்குள்ளேயே ஆம்பிளிஃபயர் இருக்கே, கொம்பாத்ரே. தனியா இன்னொண்ணு எதுக்கு?"

"இருக்கு, கொமாத்ரே. ஆனா அதுக்கு மூச்சு வாங்குது."

"வாங்கலை. சோஃபாவுல உக்காந்து சத்தம் அளக்கற மீட்டர் வச்சுப் பாத்தேன். நீங்க ரெண்டு பேரும் மேட்ச் பாக்கறப்ப தொண்ணூத்தி நாலு டெசிபல். அப்பவும் ரிசீவர் பாதி சக்தியைக்கூட எடுக்கலை. ரூம் மூணரை மீட்டருக்கு நாலு. இதே சத்தம் ஃபாக்டரியில இருந்தா, காதுக்கு அடைப்பான் மாட்டாம யாரையும் உள்ள விட மாட்டாங்க."

"இதுல எத்தனை வாட்?" என்றான் வில்பிரிதோ, கார்மென்சாவைப் பார்த்து. "எண்பது. கொம்பாத்ரேகிட்ட இருக்கறது நானூறு. அஞ்சு மடங்கு."

"அஞ்சு மடங்கு வாட்னா அஞ்சு மடங்கு சத்தமா? வாட்டை ரெட்டிப்பாக்கினா மூணு டெசிபல்தான் கூடும். நானூறு போட்டாலும் மொத்தம் ஏழுதான் கூடும். பெரிய மண்டபமா இருந்தா நானே போய்த் தூக்கிட்டு வருவேன். முரட்டு ஸ்பீக்கரா, ரிசீவரால இழுக்க முடியலையா, அப்பவும் சரி. இங்க ரெண்டும் இல்லையே."

"பேச்சு தெளிவா இல்லை, நூரிஸ். படத்துல எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசறாங்க. சத்தம் வச்சா ஜன்னல் அதிருது. பேச்சு மட்டும் அப்படியே மொணமொணங்குது. சக்தி இல்லாததுதான் காரணம்."

நூரிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த வாக்கியத்தை வாரத்துக்கு இருபது பேர் அவள் எதிரில் உட்கார்ந்து சொல்கிறார்கள். எல்லோரும் சக்தியைத்தான் குறை சொல்வார்கள். டிவியை, டெலிபோனை, மருமகளின் உச்சரிப்பை.

"காரணம் ரிசீவர் இல்லைன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது, முள்ளோடு.

சிரிப்பு அடங்கும் வரை அவள் காத்திருந்தாள். பிறகு கணவனின் முகத்துக்கு நேரே திரும்பி, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"சரி. எனக்குக் காது இல்லை, உனக்கு இருக்கு. அதை எழுத்துல வாங்கிடலாமே. சனிக்கிழமை மத்தியானம் கிளினிக்ல ஆள் இருக்காது. டாக்டர்கிட்ட நான் கேட்டுக்கறேன். வந்து உக்காரு. உன் காது நல்ல காதுன்னு மெஷின் சொன்னா, தையல் மெஷினை நானே நகத்தித் தர்றேன். சொல்லலைன்னா ஆம்பிளிஃபயர் வாசப்படி ஏறாது."

"என் காதையா சோதிக்கப் போறே?"

"பயமா இருந்தா வேண்டாம்."

"எனக்கா பயம்? கொம்பாத்ரே, நீயும் சாட்சிக்கு வா."

"நானும் வருவேன்" என்றாள் கார்மென்சா. அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள் அதற்கெல்லாம் காத்திருப்பவள் அல்ல.

அந்த ஒரு வாரம் வில்பிரிதோ காதை வளர்த்தான். முடிதிருத்துகிறவரிடம் போய்க் காதோர மயிரை மழித்துக்கொண்டான். தினமும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டான். மேட்ச்சைச் சத்தமில்லாமல் பார்த்தான். ஐஸ் ஆலையில் எல்லோரிடமும், சனிக்கிழமை தன் காதுக்குச் சான்றிதழ் தரப்போகிறார்கள் என்று சொல்லிவைத்தான். "ஊர்லயே மொதல் ஆள் நான்தான்" என்றான். எதில் முதல் என்று யாரும் கேட்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பாதிப் பேருக்கு அவன் சொன்னதே எட்டவில்லை.

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். அறைக்குள் உட்கார்ந்தான். நூரிஸ் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"எவ்வளவு சின்னச் சத்தமா இருந்தாலும், கேட்ட உடனே அழுத்தணும். புரிஞ்சுதா?"

"சின்னச் சத்தம் எதுக்கு? பெருசாவே போடு."

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு வெளியே தாகோபெர்த்தோவும் கார்மென்சாவும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வில்பிரிதோ முதலில் நாலைந்து தடவை அழுத்தினான். பெருமையாகத் தலையையும் ஆட்டிக்கொண்டான். பிறகு நிறுத்தினான். காத்திருந்தான். கூரையைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். கண்ணாடி வழியாகக் கொம்பாத்ரேவுக்குக் கையசைத்தான். கொட்டாவி விட்டான். கடைசியில் பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினான்.

"எவ்வளவு நேரம் சும்மா உக்காத்தி வைப்பே? எப்ப ஆரம்பிக்கப் போறே?"

"முடிஞ்சிடுச்சு" என்றாள் நூரிஸ்.

கார்மென்சா கைப்பையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மெஷின் கெட்டுப்போயிருக்கு" என்றான் வில்பிரிதோ.

"காலையிலதான் ஒன்பது பேருக்குப் பாத்தேன்."

"அப்ப கொம்பாத்ரேவை உக்கார வை. அவன் காது பிக்கோக் காது. அதையும் மெஷின் மட்டம்னு சொன்னா, கோளாறு மெஷின்லதான்னு தெரிஞ்சுபோகும்."

தாகோபெர்த்தோவுக்கு இஷ்டமில்லை. இருந்தாலும் மகளின் ஞானத்தகப்பன் என்றால் சில கடமைகள் உண்டு. உள்ளே போனான். ஒரு நிமிஷம் அசையாமல் இருந்தான். அதன் பிறகு மளமளவென்று அழுத்த ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை. தோள் ஆடியது, கால் ஆடியது. நூரிஸ் சத்தத்தையே அணைத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் அழுத்தினான்.

"என்ன கேட்டுச்சு, கொம்பாத்ரே?" என்றாள், கதவைத் திறந்து.

"ஒண்ணும் கேக்கலை, கொமாத்ரே. போரடிச்சுது. மனசுக்குள்ள ஒரு பாட்டுப் போட்டுக்கிட்டேன்."

பாட்டில்லாமல் அவனை இன்னொரு தடவை சோதித்துவிட்டு, இரண்டு பேருடைய தாள்களையும் அவள் மேசையில் விரித்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. வில்பிரிதோவின் கோடு இடது பக்கம் நன்றாகவே நடந்து, பாதிக்கு மேல் படியில் உருண்டதுபோல் இறங்கியது. தாகோபெர்த்தோவின் கோடு தாளை விட்டே கீழே போய்விடுமோ என்றிருந்தது.

வில்பிரிதோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"என்னுது மேல இருக்கு" என்றான். "கார்மென்சா, நீயே பாரு. பிக்கோ வச்சிருக்கறவனைவிட என் காது ஒசத்தி. நான் ஜெயிச்சாச்சு."

"இது பந்தயம் இல்லை, வில்பிரிதோ."

"கோடு மேலயா கீழயா? மேல. முடிஞ்சுது."

இந்த ஆண்களிடம் வாதாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோல்வியை ஒத்துக்கொள்ளாமலிருக்க அவர்களுக்குத் தங்களைவிட மோசமாகத் தோற்ற ஒருவன் போதும். ஆனாலும் நூரிஸ் விடவில்லை. பேனாவை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தாள்.

"இந்தப் பக்கம் பாஸ், மத்தளம், ஐஸ் மெஷின். எல்லாம் உனக்குக் கேக்குது. இந்தப் பக்கம் பேச்சோட நுனி, குருவி, காலிங் பெல். பாதி கேக்கலை. அதனாலதான் படத்துல பேச்சு உனக்குத் தெளிவா இல்லை. நானூறு வாட் போட்டா மத்தளமும் சேந்து ஏறும், நடு வீட்டுல பெலிக்கானே வந்து நின்ன மாதிரி. பேச்சு அப்பவும் மொணமொணதான். டாக்டரைப் பாரு. காதுக்குப் பின்னாடி மாட்டற கருவி சின்னதா இருக்கு, வெளிய தெரியாது. ரிசீவர்ல பேச்சு வர்ற நடு ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கலாம். வீட்டுக்கு ஆம்பிளிஃபயர் வேண்டாம்."

நன்றாகச் சொன்னாள். பதினேழு வருஷத்து அனுபவமும் அதில் இருந்தது, கொஞ்சம் அன்பும் இருந்தது. வேறு யாராவது இருந்தால் இங்கே கதை முடிந்திருக்கும்.

வில்பிரிதோ எழுந்து நின்றான். இஸ்திரிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"தாள் கிடக்கட்டும். தாள்ல கோடு போட யாராலயும் முடியும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. இருபது வருஷமா அந்த வீட்டுல என் சம்மதம் இல்லாம ஒரு ஆணி அடிச்சதில்லை. நான் சொல்றது சரியா இல்லையா?"

"சரிதான்."

"எதுன்னாலும் நீ என்னைக் கேட்டுத்தான் செஞ்சிருக்கே."

"கேட்டுத்தான் செஞ்சேன். ஒண்ணுகூட விடலை."

"அப்ப இதுக்கும் என் சம்மதம் வேணும். ஆம்பிளிஃபயர் வேண்டாம்னு முடிவு பண்ண நீ யாரு? மெஷின் யாரு? நான் சம்மதிக்க மாட்டேன். நாளைக்கு கொம்பாத்ரே கொண்டுவர்றான், ஜன்னலோரம் வைக்கிறோம்."

தாகோபெர்த்தோ தலையாட்டினான். எதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

நூரிஸ் தாளை நாலாக மடித்தாள். மடித்து, கணவனின் சட்டைப் பையில் செருகி, பையைத் தட்டிவிட்டாள். அவனுக்கு நேர் எதிரே நின்றுகொண்டாள், உதடு தெரிகிற மாதிரி.

"உன் சம்மதம் எங்கிட்ட இருக்கு" என்றாள்.

"எப்பக் குடுத்தேன்?"

"என் தங்கச்சி வந்து அஞ்சு மாசம் தங்கினதுக்குக் குடுத்தே. வீட்டுக்கு மஞ்சப் பெயின்ட் அடிக்கறதுக்குக் குடுத்தே. உன் கலர்ச் சட்டை பன்னெண்டையும் மாதா கோயிலுக்குத் தூக்கிக் குடுத்ததுக்கும் குடுத்தே. எல்லாத்துக்கும் முறையாத்தான் கேட்டேன். நீ டிவி பாத்துக்கிட்டு இருக்கறப்ப, சோஃபாவுக்குப் பின்னாடி நின்னு, மெல்லமா. ஒவ்வொரு தடவையும் தலையாட்டினே."

வில்பிரிதோ கார்மென்சாவைப் பார்த்தான். கார்மென்சா கூரையைப் பார்த்தாள்.

"சரி, பழசு போகட்டும்" என்றான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஆம்பிளிஃபயருக்கு நான் தலையாட்டலையே?"

"செவ்வாய்க்கிழமை கேட்டேன், நீ சத்தமில்லாம மேட்ச் பாத்துக்கிட்டு இருக்கறப்ப. வேண்டாம்தானேன்னு ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டாவது தடவை 'உன் இஷ்டம்'னு வாயத் திறந்தும் சொன்னே."