டெஸ்டரும் சிவப்பு வயரும்

இந்த உலகத்தில் என் பொறுமையைச் சோதித்தவர்களைப் பட்டியல் போட்டால், முதல் பத்து இடமும் டெஸ்டருக்குத்தான். பதினொன்றாவதாகத்தான் மற்றவர்கள் வர முடியும்.

அவனுக்குப் பேர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது உபயோகப்படவில்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எந்நேரமும் ஒரு லைன் டெஸ்டர். பஸ்ஸில் ஏறினால் கம்பியைப் பிடிக்குமுன் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான்.

"ஏலே, பஸ்ஸு கம்பில எங்கலே கரண்டு வரும்?"

"வராதுன்னு நீ பாத்தியா?"

தொண்ணூறுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கட்ரானிக்ஸ் என்று புதுசாக ஒரு படிப்பு. மெஷினுக்கு மூளை வைக்கிற படிப்பு என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். பாலவனத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த எங்கப்பாவோ, "மகன் மெக்கானிக்கும் டி.வி. ரிப்பேரும் சேத்துப் படிக்கிறான்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். லீவுக்கு ஊருக்குப் போனால் வாசலில் ஓடாத மிக்ஸிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

ரோல் நம்பரில் டெஸ்டர் எனக்கு அடுத்தவன். லேபும் ப்ராஜெக்டும் ஜோடி ஜோடியாகத்தான். விட்டது தொல்லை என்று ஓடவும் வழியில்லை. லேப் நோட்டில் மற்றவர்கள் சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதி, சனிக்கிழமை அருப்புக்கோட்டைக்குப் படம் பார்க்கப் போய்விடுவார்கள். இவன் விடமாட்டான். "சீனியர் நோட்டுல ஆயிரத்தி நானூத்தி நாப்பதுன்னு இருக்கு. நம்ம மோட்டாரு ஆயிரத்தி முன்னூத்தி எம்பதுதான சுத்துது? எப்படிலே மாத்தி எழுத?" மாத்தி எழுதாததால் வாத்தியார் மறுபடி செய்யச் சொல்வார். மூணு சனிக்கிழமை அந்த மோட்டார் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஹாஸ்டல் ரூமில் ஹீட்டர் வைக்கக் கூடாது. ஒரு நாள் வார்டன் கையில் ஹீட்டரோடு வந்து, "இது யாருது?" என்றார். "எங்களுதுதான் சார். இன்னொண்ணு கட்டிலுக்கடியில இருக்கு" என்றான். தலையில் அடித்துக்கொண்டேன். வார்டனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைசி வருஷம் எனக்கு ஓசூரில் வேலைக்கு ஆர்டர் வந்தது. ஒரு பேப்பரும் பாக்கியில்லாமல் பாஸாகி ஜூனில் சேர வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் செல்லாது. வகுப்பே மதுரைக்குப் போய், கடையில் ரெடிமேடாக ரோபோ கை வாங்கி வந்து ப்ராஜெக்ட் என்று வைத்தது. நாமும் வாங்குவோம் என்று கெஞ்சினேன்.

"திருச்சுழில எங்க அய்யா மோட்டாரு ரெண்டு தடவ கருகிருச்சுலே. கெணத்துல தண்ணி வத்துனது தெரியாம ஓடியிருக்கு. தண்ணி இல்லேன்னா தானா நிக்கிற மாதிரி செய்வோம்."

"நம்ம ஊருல அப்ப மோட்டாரு ஓடவே ஓடாதேலே!"

கேட்கவில்லை. செய்தான். ஒரு டிரம், அதற்குள் ரெண்டு செம்புக் கம்பி, பக்கத்தில் தண்ணி இறைக்கிற சின்ன மோட்டார். கம்பியைத் தண்ணி தொட்டால் மோட்டார் ஓடும். தொடாவிட்டால் நின்றுவிடும். நன்றாகவே வேலை செய்தது.

வைவாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மெஸ்ஸில் கெஞ்சி வாங்கின தண்ணியில் டிரம்மை நிரப்பி வைத்தோம். நாலு நாளாகத் தண்ணி லாரி வராத ஹாஸ்டலில் நிறைந்த டிரம்மை வைத்தால் என்ன ஆகும்? காலையில் பார்த்தால் டிரம்முக்குள் ஒரு சோப்புத் துண்டுதான் கிடந்தது. லாரி மத்தியானம் வரும். எங்கள் முறையோ பத்து மணிக்கு.

"தண்ணி இல்ல, ஓடாது. அதுதானலே ப்ராஜெக்டு? பேசாம இரு" என்று சொல்லிவிட்டு டெஸ்டர் ரெக்கார்டு நோட்டை எடுக்கப் போனான். ஓடாத மோட்டாரைக் காட்டி எந்த மடையன் பாஸ் வாங்கினான்? ஒரு சிவப்பு வயரை எடுத்து ரெண்டு கம்பியையும் சேர்த்துவிட்டேன். தண்ணி இருக்கிறதென்று மெஷின் நினைத்துக்கொள்ளும்.

வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது. நான் விளக்கிக்கொண்டே இருந்தேன். அது அலறிக்கொண்டே இருந்தது. அப்புறம் புகைந்தது. அவர் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.

"சொட்டுத் தண்ணி இல்ல, ஓடுது! இந்த வயர யாருய்யா போட்டது?"

என் ஓசூர் வேலை அந்தப் புகையோடு போய்விட்டது என்றே நினைத்தேன். பக்கத்தில் நிற்பவன் யார்? கட்டிலுக்கடியில் கிடந்த ஹீட்டரைக் கேட்காமலே காட்டிக்கொடுத்தவன். டெஸ்டர் வயரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நான்தான் சார். இவனுக்குத் தெரியாது."

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. எக்ஸாமினர் என்னைத் தனியாகக் கேள்வி கேட்டார். நாலு வருஷம் அவன் என் உயிரை வாங்கிப் படிக்கவைத்ததில் எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. எனக்கு பாஸ். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச்சொல்லி அவனைப் பெயிலாக்கினார்கள்.

வராந்தாவில் அவன் சட்டையைப் பிடித்தேன். "ஏண்டா அப்படிச் சொன்ன?"

"நீ ஜூன்ல ஓசூர் பஸ்ஸு ஏறணும். எனக்கு என்ன, கருகுன இந்த மோட்டாருக்குப் புதுக் காயிலு கட்டணும், அவ்வளவுதான்" என்றான். போகிற போக்கில் திரும்பி, "ஆனா நீ பண்ணுனது அயோக்கியத்தனம்லே" என்று திட்டவும் மறக்கவில்லை.

நாலு வருஷத்தில் ஒரு ரீடிங்கைக்கூட மாத்தி எழுதாத பயல், ஒரே ஒரு தடவை மாத்திச் சொன்னான். அது எனக்காக.