பத்திரிகையின் முதல் வரி காலியாக இருப்பதன் விவரம்

மாரிகுப்பம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. தணிகாசலம் அவர்களின் சமூகத்திற்கு, வாணியின் தகப்பன் கோவிந்தன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் மனைவி ஞானசுந்தரியும், மகன் அனிலும், கல்யாணப் பெண்ணும், என் வலது முழங்கால் நீங்கலாக, எல்லாரும் சௌக்கியம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை சிவகுமாரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க இறைவனை வேண்டிக்கொள்கிறேன். எந்த இறைவனை என்று மட்டும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நிச்சயதார்த்தத்தன்று சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிய இடத்தில் தாங்கள் என்னைக் கேட்டீர்கள். "உங்க குலதெய்வம் எது? பத்திரிகையில மேல 'துணை'ன்னு போடணும். முதல் பத்திரிகைய அங்க வெச்சுட்டுத்தான் மத்தவங்களுக்குக் குடுக்கணும்" என்றீர்கள். நான் நாளைக்கே சொல்கிறேன் என்றேன். இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. ராபர்ட்சன்பேட்டை அச்சகத்தில் முகூர்த்தம், மண்டபம், தாய்மாமன் பெயர் எல்லாம் கோத்து முடித்து, மேலே ஒரு வரி மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள். அச்சக முதலாளி விநாயக் தினமும் போன் செய்து, "சார், தேவரு பேரு இன்னும் வரலியே" என்கிறார். வாணி சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். தன் சாமி பேர்கூடத் தெரியாத வீட்டில் பெண் எடுத்தோம் என்று நாளைக்கு உங்கள் பக்கத்தில் யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவள் தாங்குவாளோ என்னவோ, நான் தாங்க மாட்டேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் தாங்கள் "ம்" என்றாலே எனக்குக் கோபம் போலக் கேட்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குத் தெரியாது. இந்தக் கோலார் தங்கவயலில் ஒருத்தனைப் பார்த்தால் எந்த ஊர், எந்தச் சாமி என்று யாரும் கேட்டதில்லை. எந்தச் சுரங்க ஷாஃப்ட், எந்தக் குடியிருப்பு லைன், எந்த ஷிஃப்ட், இவ்வளவுதான் கேள்வி. திருவிழா என்றால் எல்லாருக்கும் மாரியம்மன். அப்பாவை ஒரு தடவை கேட்டேன். "கேஜுல எறங்கும்போது எந்தச் சாமி பேரு வாயில வருதோ அதாண்டா குலதெய்வம்" என்றார். சுரங்கத்து லிஃப்டு மாதிரியான அந்தக் கேஜை இருபத்தைந்து வருஷம் ஏற்றி இறக்கியவனே நான்தான், வைண்டிங் எஞ்சின் டிரைவர். ஒரு கேஜில் எத்தனை சாமி பேர் இறங்கும் என்று எனக்குத் தெரியும். பங்காருபேட்டையில் இருக்கும் பெரியப்பா மகள் சுனிதாவைக் கேட்டேன். பெருமாள் என்றாள். பக்கத்தில் இருந்த அவள் வீட்டுக்காரர் முனீஸ்வரன் என்றார். பிறகு அவர்கள் இருவரும் சண்டை போட ஆரம்பித்துவிட்டதால் நான் டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அப்போதுதான் டக்ளஸ் ஞாபகம் வந்தது. டக்ளஸ் என் சிநேகிதன், சுரங்கத்தில் ஆள் வருகை எழுதும் டைம் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன். 2001-இல் சுரங்கத்தை மூடியபோது பழைய ரிஜிஸ்தர்களைக் கடலைக்காரனுக்குப் போடப் போனார்கள், இவன் மனசு கேட்காமல் மூன்று கோணிப்பை நிறையத் தூக்கி வந்து கட்டிலுக்கடியில் வைத்துவிட்டான். அன்று முதல் அவன் மனைவி லவினா அந்தக் கட்டிலில் படுப்பதில்லை, பாச்சை வருகிறதாம். எங்கள் வீட்டு சாமி அலமாரியில் கொள்ளுத்தாத்தா திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட பித்தளை டோக்கன் இருக்கிறது, 4417. சுரங்கத்தில் ஆளுக்கொரு நம்பர், அதைக் காட்டித்தான் உள்ளே இறங்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று நாள் இருவரும் தும்மிக்கொண்டே தேடினோம். நாலாம் நாள் டக்ளஸ், "கோவிந்தா, சிக்கிகினான்யா உன் ஆளு!" என்று கத்தினான். வெள்ளைக்காரன் கையெழுத்து. எண் 4417. பெயர் வீராசாமி. ஊர் கெண்டைமேடு, பாலாற்றங்கரை, வட ஆற்காடு ஜில்லா. முன்பு செய்த தொழில், ஆற்று மீன்பிடி.

சம்பந்தி, எனக்குத் தலை சுற்றிவிட்டது. பெயர் சரிதான், வீராசாமி என்றுதான் நாங்களும் திதி கொடுக்கிறோம். ஆனால் மீன்பிடியா? எங்கள் பரம்பரையில் எவனுக்கும் நீச்சல் தெரியாது. அப்பா ஒரு முறை பேத்தமங்கலம் ஏரிக்குப் பிக்னிக் போய் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. நான் மீன் குழம்பு சாப்பிட்டால் ஞானசுந்தரி பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துத் தர வேண்டும். இப்படிப்பட்ட வம்சம் ஆற்றில் மீன் பிடித்ததா என்று கேட்டேன். "ரிஜிஸ்தர்ல கீது, அப்பறம் இன்னா?" என்றான் டக்ளஸ். டைம் ஆபீஸ் ஆட்களே அப்படித்தான், எதிரில் நிற்கிற மனுஷனை நம்ப மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை வண்டிக்கு நானும் அவனும் கிளம்பி, பங்காருபேட்டையில் மாறி, குடியாத்தத்தில் இறங்கி, பஸ் பிடித்துக் கெண்டைமேடு போனோம். ஆறு எங்கே என்று கேட்டால் நிற்கிற இடம்தான் ஆறு என்றார்கள். மணலும் முள்ளுச்செடியும் தவிர ஒன்றும் இல்லை. வீராசாமி வீடு எது என்றதும் ஒரு அம்மாளிடம் அழைத்துப் போனார்கள். பெயர் வேலம்மாள், ஐம்பது வயசிருக்கும், ஏரி மீன் விற்கிறவர், வார்டு மெம்பர் வேறு. "அய்ய, கோலார் வயலுக்குப் போன வீராசாமி வூட்டு ஆளா? வாங்க, வாங்க! எங்க மாமியாரு அந்தப் பேர சொல்லிகினே இருப்பாங்க. இத்தினி வருசம் எங்க போயிருந்தீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே போயிருந்தோம் என்று எனக்கும் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் வீடு நிறையச் சொந்தம். ஆற்றில் தண்ணீர் ஓடிய காலத்தில் புதுவெள்ளம் வந்தால் மூங்கில் தட்டி அடைத்து மீன் பறிக்கூடை வைப்பார்களாம், கோடையில் தண்ணீர் தங்குகிற மடுக்களில் வீச்சுவலை போடுவார்களாம். எந்த மடு எந்த வீட்டுக்கு என்று முறை உண்டாம். மூன்றாவது மடு வீராசாமி வீட்டுக்கு. அதைக் கைகாட்டினார்கள். லாரி தடம் பதிந்த ஒரு பள்ளம். எனக்கென்று ஒரு மடு இருந்ததே என்று நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், டக்ளஸ் வந்து இழுக்கும் வரைக்கும்.

அவர்கள் சாமி பெயர் துறைகாத்தாள். ஆற்றங்கரையில் இடுப்பளவு கல், வெள்ளியில் இரண்டு கண். ரொம்ப நாள் வராதவன் வந்தால் அவள் முகத்தைப் பார்க்குமுன் ஆற்றில் மூன்று தடவை வலை வீச வேண்டும், அதுதான் அங்கே வழக்கம். தண்ணீர் இல்லையே என்றேன். "தண்ணி இல்லாங்காட்டி அம்மா இல்லன்னு ஆயிடுமா? வீசுங்க" என்றார் வேலம்மாள். முதல் வீச்சில் வலையோடு நானும் போய் விழுந்தேன். இந்த முழங்கால் அப்போது போனதுதான். இரண்டாம் வீச்சு முள்மரத்தில் மாட்டி, எடுக்க நாலு பேர் ஏறினார்கள். மூன்றாவது, சத்தியமாக நன்றாகத்தான் விரிந்தது, ஆனால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த டக்ளஸ் மேலே போய் விரிந்தது. அவன் உதறிய உதறலில் இன்னும் இறுகிவிட்டது. ஜனங்கள் குலவை போட்டார்கள். "பெரிய மீனு! அம்மா ஏத்துகினா!" என்றார் வேலம்மாள். டக்ளஸ் உள்ளிருந்து, "யோவ், நான் சர்ச்சுக்குப் போறவன்யா" என்றது யார் காதிலும் விழவில்லை. நான் அந்தக் கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு, தாயே, வாணிக்குக் கல்யாணம் என்று சொன்னேன். எழுந்து முதல் வேலையாக விநாயக்குக்குப் போன் போட்டு, ‘துறைகாத்தாள் துணை’ என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்து வேண்டாம், எடுத்துவிடு என்று மறுபடி போன் போட்டேன்.

ஏனென்றால் அந்த அரை மணிக்குள் வேலம்மாளின் வீட்டுக்காரர் ஏரியிலிருந்து மீன் கூடையோடு வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னாது, வீராசாமி பேரப்புள்ளயா? நாந்தான் வீராசாமி பேரன். அவரு வயலுக்குப் போயி எட்டே நாளுல திரும்பி வந்துட்டாரு. இதே ஊட்லதான் செத்தாரு" என்றார். வயலுக்குப் போனார் என்று மட்டுமே கேட்டிருந்த வேலம்மாளும் மற்றவர்களும், அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம் இருந்ததாக நினைத்துவிட்டார்களாம். நடந்தது இதுதானாம். மீன் பிடித்த ஆளைப் பள்ளத்தில் இறக்கினால் எப்படி இருக்கும்? கேஜில் ஏறும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வாராம். ஒன்பதாம் நாள் காலையில் வாசல் வரைக்கும் போய், அங்கே வேலை கேட்டு நின்ற யாரோ ஒருத்தன் கையில் டோக்கனைக் கொடுத்துவிட்டு ஊருக்கு ஓடி வந்துவிட்டார். அந்த யாரோ 4417-ஐக் காட்டி, வீராசாமி என்று சொல்லி இறங்கிவிட்டான். அந்தக் காலத்தில் டோக்கன் மாறி இறங்குவது சாதாரணம், நம்பர் வந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள், யார் வந்தது என்று பார்க்க மாட்டார்கள். டக்ளஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த யாரோதான் சம்பந்தி என் கொள்ளுத்தாத்தா. முப்பது வருஷம் அடுத்தவன் பேரைக் கூப்பிட்டால் ‘வந்தேன்’ என்று சொல்லியிருக்கிறார். அதே பேரில் செத்தும் போயிருக்கிறார். பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை, வேலை போய்விடும் என்ற பயமாயிருக்கும். எங்க தாத்தா இனிஷியல் தப்பு. வருஷா வருஷம் நான் எள்ளும் தண்ணியும் விடறது கெண்டைமேட்டுக்காரருக்கு. அவருக்கு அவர் பேரனும் விடறாரு, அவருக்கு ரெண்டு பங்கு போவுது, எங்க ஆளு பட்டினி. அவர் பேர் என்ன, எந்த ஊர், எந்தச் சாமி, ஒன்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று. டோக்கனைக் கொடுக்கும்போது வீராசாமி, "ரொம்ப ஆழம்யா, பரவால்லியா?" என்று கேட்டாராம். அதற்கு அந்த ஆள், "எவ்ளோ ஆழம்னாலும் எறங்கிடுவேன், உள்ள தண்ணி மட்டும் இருக்கக் கூடாது" என்றானாம். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சந்தேகமே இல்லை, எங்கள் ஆள்தான்.

கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வலையையும் கிழித்துவிட்டு, இப்போது நான் யார் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று கூச்சமாகிவிட்டது. செருப்பைத் தேடினேன். வேலம்மாள் விடவில்லை. "எங்க போறீங்க? எங்க தாத்தா உசுரோட திரும்பி வந்து புள்ள குட்டி பெத்தது உங்க ஆளு எறங்குனதாலதான? அவரு பேர நாலு தலமொறயா சொமந்துகினு கீறீங்க. சாமிய மட்டும் இன்னாத்துக்கு வுட்டுட்டுப் போறீங்க? எடுத்துகினு போங்க" என்றார். அவர் வீட்டுக்காரரும் அதையே சொல்லி, கல்யாணத்துக்கு ஒரு கூடை விரால் மீனோடு வருவதாகச் சொன்னார். சைவப் பந்தி என்று நான் சொல்லவில்லை, அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

இப்போது நான் தங்களைக் கேட்பது இதுதான். எங்களுடையது அல்லாத சாமியை, அவர்களாகவே மனசாரக் கொடுத்த சாமியை, எங்கள் பக்கம் போடலாமா? பொய் என்று தாங்கள் நினைத்தால் போட வேண்டாம், அந்த வரியை வெறுமையாகவே விட்டுவிடலாம். நாலு பேர் நாலு விதமாகப் பேசட்டும், என்னைப் பேசட்டும், வாணியைப் பேச வேண்டாம். அவள் ரயிலில் தினமும் நின்றுகொண்டே பெங்களூர் போய் வந்து படித்து வேலைக்குப் போன பெண். எந்தச் சாமி கொடுத்ததோ தெரியாது, நல்ல பெண். தங்கள் முடிவு எதுவானாலும் இந்தக் கடிதத்தைக் கொண்டு வரும் அனில் கையில் இரண்டு வரி எழுதி அனுப்பவும்.

சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். இருவரும் பதினாறும் பெற்று, தங்கள் பேரன் பேத்திகள் யாராவது கேட்டால் பதில் சொல்லும்படி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கோவிந்தன் (இனிஷியல் பிறகு)

பி.கு.: உறையை ஒட்டப் போகும் சமயத்தில் சம்பந்தியம்மா ஞானசுந்தரிக்குப் போன் செய்தார்கள். தாங்கள் தவறாக நினைக்கக் கூடாது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். தங்கள் அப்பா ஃபேக்டரி வேலைக்கு வந்ததோடு தங்களுக்கும் ஊரும் சாமியும் விட்டுப்போய்விட்டதாமே! நாங்கள் என்ன போடுகிறோமோ அதைப் பார்த்து அதையே உங்கள் பக்கமும் போட்டுவிடலாம் என்றுதான் அன்றைக்குக் கேட்டீர்களாமே! பத்தொன்பது நாளாக நான் உங்களுக்குப் பயந்தேன், நீங்கள் எனக்குப் பயந்தீர்கள். ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். சந்தோஷத்தில் உடனே விநாயக்கைக் கூப்பிட்டு, இரண்டு வீட்டாருக்கும் சேர்த்து ‘துறைகாத்தாள் துணை’ என்று போடச் சொல்லிவிட்டேன்.

போனை வைத்ததும் ஞானசுந்தரி வந்து நின்றாள். "இன்னாங்க, ரெண்டு வூட்டுக்கும் ஒரே குலதெய்வம்னா பங்காளி ஆயிடுமே. அப்போ வாணியும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி இல்ல?" என்றாள். எனக்கு வேர்த்துக்கொட்டுகிறது. சம்பந்தி, மன்னிக்கவும், எங்கள் குலதெய்வத்தை உங்களுக்குத் தர முடியாது. பத்திரிகை புதன்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் நீங்கள் வேறு சாமி பார்த்துக்கொள்ளவும்.