ஆறு பகுதிகளும் ஒரு படியும்

மனிதரில் ஒரு வகை உண்டு. சும்மா கிடக்கும் இடத்தைக் கண்டால் அதைப் பகுதி பகுதியாகப் பிரிக்க இவர்களுக்குக் கை துறுதுறுக்கும். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களை நலம் விசாரிப்பதற்கு முன்னால், "ஏன் இந்த இடத்தை இப்படியே போட்டு வெச்சிருக்கீங்க?" என்பார்கள். அடுத்த கேள்வி, வீட்டில் அளவு நாடா இருக்கிறதா என்பது. இவர்களுக்குப் பகுதியார் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நம்முடைய பகுதியார் ஒரு கிடங்கின் மேலாளர். அங்கே தரையெல்லாம் மஞ்சள் கோடு. ஒரு பெட்டி கோட்டைத் தாண்டி நாலு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. வேலையில் கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். வினை எங்கே வந்தது என்றால், வேண்டாமென்று ஒதுக்கிய அரை டப்பா மஞ்சள் பெயிண்ட்டை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதுவரை அவர் வீட்டுக் கொல்லைப்புறம் நிம்மதியாக இருந்தது. துணி காய்ந்தது, மகள் சுவரில் பந்தடித்தாள், அதே வீட்டில் இருக்கும் மைத்துனன் அவள் பந்துக்குத் தப்பித் தப்பித் தண்டால் எடுத்தான், யாரோ துப்பிய விதையில் தக்காளி தானாக முளைத்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு துவைக்கிற கல். வாஷிங் மெஷின் வந்த பிறகு அதில் யாரும் துவைப்பதில்லை. ஆனால் அவர் மனைவி நர்ஸ். எட்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வருகிறவள், நேராகப் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்து, ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கண்ணை மூடுவாள். வீடே தீப்பிடித்தாலும் அந்தக் கால் மணி நேரம் பொறுத்துத்தான் எரிய வேண்டும். நாள் முழுவதிலும் அவளுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

பகுதியார் வரைபடம் போட்டார். தோட்டம், துணி, விளையாட்டு, உடற்பயிற்சி, விருந்தினர், அமைதி என்று ஆறு பகுதிகள். இந்த வீட்டுக்கு விருந்தாளி வந்து எத்தனை வருஷமாயிற்று என்று மனைவி கேட்டது அவர் காதில் ஏறவில்லை. கல்லோ, பாதி உடற்பயிற்சியிலும் பாதி அமைதியிலுமாகக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதற்கென்ன, கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன் என்றாள் மனைவி. அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! கோட்டையாவது, தள்ளுவதாவது? மைத்துனனைக் கூட்டிக்கொண்டு கடப்பாரை போட்டு நெம்பி, கல்லைப் பின்சுவர் மூலைக்கு உருட்டிவிட்டார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமானவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்தான அறிகுறி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஆறு பகுதிக்கும் மஞ்சள் கோடு போட்டாயிற்று, முழங்கால் உயரத்துக்கு வலை கட்டியாயிற்று, பெயர்ப் பலகை நட்டாயிற்று. திங்கட்கிழமைதான் விஷயம் தெரிந்தது. ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி இல்லை. கிடங்கில் நடைபாதை விடாமல் பெட்டி அடுக்கியவனை நிற்கவைத்துத் திட்டுகிற மனிதர், வீட்டில் நடைபாதை விட மறந்துபோனார்! மகள் பந்தடிக்கப் போக வேண்டுமென்றால் நேற்று ஊன்றிய விதைகளை மிதித்துப் போக வேண்டும். துணி காயப்போட மூன்று வலை தாண்ட வேண்டும். அப்படித் தாண்டியதில் மனைவியின் வெள்ளைச் சீருடை காயாத கோட்டில் புரண்டு, தோளில் மஞ்சள் பட்டை விழுந்துவிட்டது. பதவி உயர்வா சிஸ்டர் என்று ஒரு நோயாளி கேட்டாராம்.

அப்புறம் என்ன? குடும்பமே சமையலறைப் பின்வாசல் படிக்குக் குடிபெயர்ந்தது. மேல்படியில் மகள் வீட்டுப்பாடம், பக்கத்தில் மைத்துனன் தண்டால் எடுக்க இடமில்லாமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு, கதவின் மேல் ஈரத் துணி, கீழ்ப்படியில் வாளியில் காலோடு மனைவி. அந்தப் பக்கம் ஆறு பகுதிகளும் காலி. ஆறுமே அமைதிப் பகுதிகளாகிவிட்டன.

எட்டாம் நாள், கல்லை நெம்பியதில் பிடித்துக்கொண்ட இடுப்பில் கையை வைத்தபடி பகுதியார் வந்து நின்றார். உட்கார வேறு இடமில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் வாளியை மட்டும் ஒரு சாண் நகர்த்தினாள். வெந்நீரில் காலை வைத்ததும் மனிதருக்கு உயிர் வந்தது. உயிரோடு புத்தியும் வந்தது, பழைய புத்தி. படியை மேலும் கீழும் பார்த்தார். கை சட்டைப் பைக்குப் போனது.

"இந்தப் படிக்கு ஒரு பேர் வெச்சா நல்லாயிருக்கும்" என்றார்.

"வைங்க" என்றாள் மனைவி. "நாளையிலேருந்து இங்கயும் யாரும் உக்கார மாட்டோம்."

அளவு நாடா வெளியே வரவில்லை. அடுத்த ஞாயிறு இடுப்பைப் பிடித்துக்கொண்டே வலைகளை அவிழ்த்தார், மைத்துனனைக் கூட்டிக்கொண்டு கல்லைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். அவள் உட்கார்ந்து கண்ணை மூடினாள். கல்லைச் சுற்றி மட்டும் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. அவளை யாரும் தொந்தரவு செய்யாமல் இருப்பதற்காம்.

சிரிக்கிறீர்களா? "எங்கள் மச்சானும் அப்படியே இந்த ஆள்தான், நல்லவேளை நான் அந்த வகை இல்லை" என்று நினைத்தீர்களே, அப்போது அவருக்கும் உங்களுக்கும் நடுவே நேராக ஒரு கோடு போட்டீர்கள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. பார்த்துக் காலை வையுங்கள்.