யெஸ் சொல்லிக் கடலுக்குப் போன கதை

ஆங்கிலத்தில் 'நோ' சொல்ல எனக்குப் பயம். 'யெஸ்' சொன்னால் யாரும் காரணம் கேட்பதில்லை. 'நோ' சொன்னால் 'வை?' என்று ஒரு கேள்வி வரும், அதற்கு முழு வசனம் வேண்டும். இரண்டு வருடம் இங்கிலிஷ் வகுப்புக்குப் போய் நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

வெளிநாட்டாரைப் படகில் ஏற்றித் திமிங்கிலம் காட்டும் ஒரு கந்தோர், திருகோணமலைத் துறைமுகப் பக்கம் இருந்தது. அங்கே வரவேற்பு மேசை வேலைக்கு நேர்முகம். குச்சவெளியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். வேலை கிடைக்காவிட்டால் சித்தியின் தையல் கடையில் பொத்தான் தைக்க வேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

மனேஜர் ஆங்கிலத்திலேயே தொடங்கினார்.

"ஃபாதர் ஃபிஷர்மேன்?"

"யெஸ்." (இது உண்மை.)

"கேன் யூ சுவிம்?"

"யெஸ்." (இது பச்சைப் பொய். எங்கள் வீட்டில் ஆண்கள்தான் கடலுக்குப் போவார்கள். நான் கரையில் மீன் கழுவியதோடு சரி.)

பிறகு, வழிகாட்டிக்குக் காய்ச்சல், இப்போதே படகில் போக முடியுமா என்று கேட்டார். எனக்கு நன்றாகவே விளங்கியது. ஏலாது என்று சொல்ல ஒரு வசனம் தேடினேன், அகப்படவில்லை.

"யெஸ்."

படகில் ஆறு வெள்ளைக்காரர், ஓட்டி அந்தோனி அண்ணன், நான்.

"தங்கச்சி, முன்னம் கடலுக்கு வந்தனீங்களோ?" என்று அண்ணன் தமிழில்தான் கேட்டார். பழக்கதோஷம், அதற்கும் "யெஸ்" என்றேன்.

ஒரு வெள்ளைக்கார அம்மா, இன்றைக்குத் திமிங்கிலம் வருமா என்றார். யெஸ். பெரிதா? யெஸ். குட்டியோடா? யெஸ். எல்லோரும் சந்தோஷமாகக் கமராவை எடுத்தார்கள். அரை மணித்தியாலத்தில் நான் படகு விளிம்பைக் கட்டிப்பிடித்து, காலையில் தின்ற இடியப்பத்தைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மீனவன் பெற்ற மகள்! அந்த அம்மாதான் முதுகைத் தடவி, "ஆர் யூ ஓகே?" என்றார். "யெஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தேன்.

குனிந்து கிடந்ததால்தான் முதலில் கண்டேன். தண்ணீர் பீய்ச்சி எழும்ப, பின்னால் கறுத்த முதுகு. அதன் பக்கத்தில் இன்னொரு சின்ன முதுகு.

"அந்தா, அந்தா! பாருங்கோ, குட்டியும் நிக்குது!"

என் வாழ்நாளில் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. கை காலெல்லாம் துள்ளியது. நான் தமிழில் கத்தியது ஆறு பேருக்கும் விளங்கியது.

கரைக்கு வந்ததும் மனேஜர், "யூ என்ஜாய்?" என்றார். இதற்கும் யெஸ் சொன்னால் நாளைக்கும் கடல்தான்.

"நோ," என்றேன்.

"வை?"

அவ்வளவுதான். நீந்தத் தெரியாது, சொன்னது பொய், பயம், வாந்தி, இடியப்பம், திமிங்கிலம், குட்டி என்று பத்து நிமிடம் ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தேன். எத்தனை பிழை விட்டேனோ, எண்ண நேரமிருக்கவில்லை.

அவர் சிரித்துவிட்டு முதன்முறையாகத் தமிழில் பேசினார். "வேலை தாறன், தங்கச்சி. ஆனா மேசையோட நில்லுங்கோ. கடல் வேண்டாம்."

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், சம்மதமா என்று கேட்டார்கள். வெட்கத்தோடு "ஓம்" என்றேன். அப்பா உட்கார்ந்திருந்த கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ. இவ ஓம் எண்டு சொல்லித்தான் ஒருக்காக் கடலுக்குப் போனவ."

கதை முழுவதையும் அங்கேயே சொல்லியும் விட்டார். இன்றைக்கும் வீட்டில் நான் எதற்காவது "ஓம்" என்றால், என் கணவர் லைஃப் ஜாக்கெட் எங்கே என்றுதான் தேடுகிறார்.